நியான்கு விமானமும் அதைப் பற்றிய கதைகளும்

யுத்தம் ஓய்ந்து, ஜெட் விமானங்களின் காலம் பிறந்துவிட்டதென்று உலகமே பேசிக்கொண்டிருந்த 1948-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அர்ஜென்டீனாவின் கோர்தோபா நகரத்து விமானத் தொழிற்சாலையிலிருந்து, இரண்டு எஞ்சின்களும் இரண்டு சுழல்விசிறிகளும் பூண்ட சண்டை விமானம் ஒன்று முதன்முறையாக மேலெழும்பிற்று. தென்னமெரிக்கக் கழுகு ஒன்றின் பெயரால் அதை ‘நியான்கு’ என்று அழைத்தார்கள். பறந்தது ஒரே விமானம். அதைப் பற்றிய கதைகளோ பல.

அவற்றுள் மிகவும் வேரூன்றியது, நியான்கு என்பது பிரிட்டனின் ஹார்னெட் விமானத்தைப் பார்த்து வரைந்த நகல் என்பது. படங்களை மட்டும் பார்க்கிறவரை நான் குறை சொல்லமாட்டேன். ஒற்றை ஆசனம், மெலிந்த உடல், இறக்கைக்கு ஒன்றாக ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சின் என்று எல்லாம் ஒத்துத்தான் இருக்கின்றன. ஆனால் ஹார்னெட்டின் உடல், ஒட்டுப்பலகைத் தகடுகளுக்கு நடுவே பால்சா என்னும் இலேசான மரத்தை வைத்து, பசையிட்டு இறுக்கி, இடம் வலம் என இரு பாதிகளாகச் செய்து இணைத்த மரவேலை; நியான்குவோ முற்றிலும் உலோகத்தால் ஆனது. இறக்கையின் அகலத்திலும் ஹார்னெட் 14 மீட்டரை எட்டவில்லை. இது 15 மீட்டர். பசை காய்ச்சுகிறவன் செய்த விமானத்தைப் பார்த்து, தகடு பூட்டுகிறவன் நகலெடுப்பது எப்படி? இந்தச் சந்தேகத்துக்கு வித்திட்டது, அதே தொழிற்சாலையில் 1946-இல் பறந்த ‘கல்கின்’ என்ற குண்டுவீச்சு விமானமாக இருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்; மரத்தாலான அது, பிரிட்டனின் மஸ்கிட்டோவை உண்மையிலேயே நினைவூட்டியது. நியான்குவின் சிருஷ்டிகர்த்தா, யுத்தத்துக்குப்பின் இத்தாலியிலிருந்து வந்து சேர்ந்த செசாரே பல்லவிச்சினோ. கப்ரோனி நிறுவனத்தில் விமானங்களை வடிவமைத்துத் தேர்ந்த இந்த நிபுணருக்கு, நம் ஊர்த் தெருக்களில் ஓடிய லாம்பிரெட்டா ஸ்கூட்டரின் உருவாக்கத்திலும் பங்கு உண்டு.

ஜெட் யுகத்தில் விசிறி விமானம் கட்டியது பேதைமை என்பது இரண்டாவது கதை. அந்த நாளைய ஜெட் எஞ்சின்கள் எரிபொருளைக் குடித்த வேகத்தை மறந்துவிட்டவர்களே இப்படிச் சொல்வார்கள். வடகோடிக்கும் தென்கோடிக்கும் 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் ஒரு தேசத்துக்கு, ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர் பறக்கவும், மணிக்கு 740 கிலோமீட்டர் வேகத்தை எட்டவும் வல்லதாகக் கணிக்கப்பட்ட ஒரு துணைக்காவல் விமானம் வேண்டாத பொருளாகத் தோன்றியிருக்க நியாயமில்லை. அமெரிக்காவைப் பாருங்கள்: 1950 ஜூனில், கொரிய யுத்தத்தில் அவர்களுக்கு முதல் ஆகாய வெற்றியைத் தேடித் தந்தது ‘ட்வின் மஸ்டாங்’ என்ற இரட்டை எஞ்சின் விசிறி விமானமேயன்றி ஜெட் அன்று.

நியான்குவின் ஆயுத பலத்தைப் பற்றி, ஏதோ போர்க்களம் கண்டதுபோல் எழுதுவோரும் உண்டு. ஆறு 20 மில்லிமீட்டர் பீரங்கிகளைப் பொருத்துவதாக உத்தேசம் இருந்தது வாஸ்தவம், அது நிறைவேறவில்லை.

1949-இன் தொடக்கத்தில் தரையிறங்கும்போது நேர்ந்த விபத்துதான் நியான்குவைக் கொன்றது என்பது கடைசிக் கதை. நேர்ந்த சேதமோ பழுதுபார்த்துவிடக்கூடியது, பார்ப்பதற்குத்தான் மனமில்லை. 1947-லேயே பிரிட்டனிடமிருந்து 100 மீட்டியர் ஜெட் விமானங்களை வாங்க ஏற்பாடு செய்துவிட்ட அரசாங்கம், ஜெர்மானிய நிபுணர் குர்ட் டாங்கின் தலைமையில் ‘புல்கி இரண்டு’ என்ற ஜெட்டின் நிர்மாணத்திலும் தன் கவனத்தைத் திருப்பியிருந்தது. விபத்து, ஏற்கெனவே மூடத் தொடங்கிய கதவைச் சாத்தியது, அவ்வளவே. அந்தப் புல்கியும் 1950-இல் பறந்ததே தவிர, சில மாதிரிகளுக்கு அப்பால் போகவில்லை. அர்ஜென்டீன வான்படை 1960-களிலும் மீட்டியர்களைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தது.