இசைவாணை என்னும் காவல்



நம் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டால் முதலில் மூக்கைப் பிடிப்பவர்கள் நாம்தான். ஆனால் தொழிற்சாலைக் கழிவு அப்படியன்று. இலாபம் ஓரிடம் சேர, நஞ்சோ பல கல் தொலைவில் உள்ள ஏழை உழவரின் கிணற்றைச் சேர்கிறது. ஆகையால்தான் தொழில் தொடங்குவோர் முன்கூட்டியே அரசின் அனுமதி பெற வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. அவ்வனுமதியின் வகைகளையும் பயனையும் இங்குக் காண்போம்.

சட்டங்களும் வாரியமும்

நம் நாட்டில் நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974-ஆம் ஆண்டிலும், காற்று மாசு தடுப்புச் சட்டம் 1981-ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. 1984 டிசம்பரில் போபால் நகரில் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அத்துயரத்தை அடுத்து 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. நம் மாநிலத்தில் இவற்றைக் கண்காணிக்கும் தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியம் 1982-இல் அமைக்கப்பட்டது.

அனுமதியின் வகைகள்

1. நிறுவுவதற்கான இசைவாணை: கட்டடம் எழுப்புமுன் பெற வேண்டியது. இடம் தகுந்ததா, அருகில் நீர்நிலை உண்டா என்று ஆராய்ந்து வழங்கப்படும்.

2. இயக்குவதற்கான இசைவாணை: ஆலை எழுந்தபின், உற்பத்தி தொடங்குமுன் பெற வேண்டியது. கழிவுநீருக்கு நீர்ச் சட்டத்தின் கீழும், புகைக்குக் காற்றுச் சட்டத்தின் கீழும் இது வழங்கப்படும்.

3. அங்கீகாரம்: தீங்கு தரும் கழிவுகளைக் கையாளுவோரும், மருத்துவமனைகளும் பெற வேண்டியது. பயன்படுத்திய ஊசி, இரத்தம் தோய்ந்த பஞ்சு முதலியவற்றை நிறவாரியான பைகளிலும் கலங்களிலும் பிரித்து வைக்க வேண்டும். இரத்தம் தோய்ந்த பஞ்சு போன்றவற்றைச் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் தேக்கி வைக்கலாகாது.

4. சுற்றுச்சூழல் அனுமதி: சுரங்கம், அனல்மின் நிலையம் போன்ற பெருந்திட்டங்களுக்கு உரியது.

தொழில்களும் மாசின் அளவைக் கொண்டு சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை எனப் பிரிக்கப்பட்டுள்ளன. தோல் பதனிடுதல், சாயமேற்றுதல் ஆகியன சிவப்பு வகை. மிதிவண்டிப் பாகங்களைப் பூட்டிச் சேர்ப்பது போன்றவை வெள்ளை வகை. வெள்ளை வகையினர் வாரியத்துக்குத் தெரிவித்தால் போதும்.

அளவே காவல்

இசைவாணை என்பது 'நடத்திக்கொள்' என்னும் வெறும் சீட்டன்று. எவ்வளவு கழிவுநீர், எத்தன்மையுடன் வெளியேறலாம் என்பதற்கு அதில் வரம்பு உண்டு. நம் மாநிலத்தில் நீர்நிலையில் விடும் கழிவுநீரில் ஒரு லிட்டருக்குக் கரைந்த உப்புகள் 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது.

இங்கே ஒரு சிறு கணக்கு. இந்த வரம்புக்குள் நின்றே ஓர் ஆலை நாள்தோறும் ஒரு லட்சம் லிட்டர் நீரை விட்டால், ஆற்றில் சேரும் உப்பு 210 கிலோ! நல்ல நீரைக் கலந்து கழிவை நீர்க்கச் செய்தாலும் உப்பின் எடை குறையாது. ஆகையால்தான் தன்மையோடு அளவையும் வரையறுக்க வேண்டியுள்ளது.

இரண்டு ஆறுகள் கற்பித்த பாடம்

வேலூர்ப் பகுதியில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பல, கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் நிலையம் அமைக்காமலே ஆண்டுக்கணக்கில் இயங்கின. பாலாறு கெட்டது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமற் போனது என்பது உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு. 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பில் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று உறுதிப்படுத்தியது. அம்மாவட்டங்களின் தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

நொய்யல் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறன்று. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்பு நீரை அடித்துச் செல்ல வெள்ளமில்லை. பாசனத்துக்கென 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீரே தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை எய்தும் வரை சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதனால் வேலையிழந்து வாடியவரும் ஏழைத் தொழிலாளரே. முன்னரே செய்திருக்க வேண்டிய காவலைப் பின்னர் செய்தால், உழவர், தொழிலாளர் இருவருமே துன்புறுவர் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

நம் கடமை

இசைவாணையை மீறும் ஆலையை மூடவும், அதன் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தவும் ஆணையிட வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கண்டு சொல்வோர் வேண்டுமல்லவா? பெருந்திட்டங்கள் பலவற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவது சட்டப்படியான ஏற்பாடு. படித்தவர் மட்டுமன்றி, கிணற்றில் நீர் இறைக்கும் தாயும் அங்கே எழுந்து பேசலாம். அவர் சொல்வதைப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

தோழியரே! தண்ணீரின் நிறமும் சுவையும் மாறுவதை வீட்டில் முதலில் அறிபவர்கள் பெரும்பாலும் பெண்களே. வேதியியல் வகுப்பில் 'ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்' என்று படிப்பதைத் தேர்வோடு மறந்துவிடாமல், நம் ஊர்க் கிணற்றுக்கும் பொருத்திப் பார்ப்போம். கேட்கத் தெரிந்த மக்கள் இருக்கும் ஊரில்தான் இசைவாணை வெறும் காகிதமாக இராமல் காவலாக நிற்கும்.