பழைய ஆயில் இஞ்சின்களுக்கு உதிரி உறுப்புகள் தேடும் முறை

ஆரணி வட்டாரத்தில் கமண்டலநாக நதியில் நீர் ஓடும் நாட்கள் சிலவே. ஆதலின் இப்பகுதியின் நெல்லும் கரும்பும் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பி நிற்கின்றன. ஆயில் இஞ்சினைக் கொண்டு கிணற்று நீர் இறைக்கும் முறையைச் சென்னை ராஜதானியில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்ப முயன்றவர்களுள் ஆல்பிரட் சாட்டர்டன் முதன்மையானவர். பின்னர் இங்கிலாந்தின் டர்ஸ்லி நகரத்து லிஸ்டர் இஞ்சினும், அதனைப் பார்த்து ராஜ்கோட்டில் வார்க்கப்பட்டவையும், 1946-இல் பூனாவில் தோன்றிய கிர்லோஸ்கர் ஆயில் இஞ்சின் கம்பெனியாரின் இஞ்சின்களும் நமது கிணற்றுமேடுகளுக்கு வந்து சேர்ந்தன. மின்சாரம் பரவி, பாசனத்துக்கு அது கட்டணமின்றிக் கிடைக்கவே, அவை கொட்டகை மூலையில் துருவேறலாயின.

எனினும் கதிர் பால்பிடிக்கும் சமயத்தில் டிரான்ஸ்பார்மர் பழுதுற்று நான்கு நாள் மின்சாரம் நின்றால், அந்தப் போகத்தின் பலன் பதராகிவிடும். அப்பொழுது கைகொடுக்கக்கூடிய பழைய இஞ்சினைச் சீர்ப்படுத்தி வைத்தல் வீண் செலவன்று. இதில் தடையாவது உறுப்புகள் கிடைக்காமை என்பர். கடையில் என்ன கேட்பது என்று தெரியாமையே பெரும்பாலும் தடையாகும்.

பெயர்த்தகட்டை மட்டும் நம்பிக் கடைக்குச் செல்லலாகாது. லிஸ்டர் 6/1 மாதிரியின் சிலிண்டர் விட்டம் 4½ அங்குலம், அதாவது 114.3 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 5½ அங்குலம். ஆனால் ராஜ்கோட்டில் பல பட்டறைகள் அதே உருவில் இஞ்சின் செய்துள்ளமையால், ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் அப்படியே பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. கிர்லோஸ்கர் ஏ.வி.1 மாதிரியோ 80 மில்லிமீட்டர் விட்டமும் 110 மில்லிமீட்டர் ஓட்டமும் உடையது. சிலிண்டரை மேலும் நடுவிலும் கீழுமாக, ஒவ்வோரிடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுதிக்கொள்க. மேல் ரிங் உராயும் இடத்தில்தான் தேய்மானம் மிகுதி. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, அதற்கேற்ற மிகை அளவுப் பிஸ்டனும் ரிங்கும் வாங்குவதே முறை; கடைவதற்கு முன்னரே பிஸ்டனைக் கையில் வைத்துக்கொள்ளல் நலம். பாவின் இழைகளை எண்ணாமல் பிணைக்கத் தொடங்கும் நெசவாளர் ஆரணியில் ஒருவரும் இலர். இஞ்சின் விஷயத்திலும் அந்தக் கணக்கு வேண்டும்.

மரையையும் கவனிக்க வேண்டும். பழைய ஆங்கில இஞ்சின்களின் விட்வொர்த் மரை 55 பாகைக் கோணமுடையது. மெட்ரிக் மரை 60 பாகை. இரண்டு சுற்று ஏறிவிட்டதென்று நட்டை வலிந்து முறுக்கினால் போல்ட்டு கெடும். சில வேளை வார்ப்பே பிளக்கும்.

புஷ், வால்வு கைடு, காஸ்கெட் போன்றவற்றை மாதிரியைக் கொடுத்து உள்ளூர் லேத்துப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். எரிபொருள் பம்பின் பிளஞ்சரும் பாரலும் அவ்வாறல்ல. ஒன்றோடொன்று இழைத்துச் சேர்க்கப்பட்ட ஜோடியாதலால், ஒன்றை மட்டும் மாற்றுதல் பயனற்றது. நாசிலுக்கும் இதுவே விதி. பெங்களூரில் 1951-இல் தொடங்கிய மைக்கோ கம்பெனியின் பம்பாயின், அதன் உடலில் பொறித்த எண்ணைப் பிழையின்றி எழுதிச் செல்க. சென்னை ஜார்ஜ் டவுன் இயந்திரக் கடைகளிலும் கோயம்புத்தூரிலும் கிடைக்காத லிஸ்டர் வகை உறுப்பை ராஜ்கோட்டிலிருந்து தருவிக்கலாம். அளவுகளோடு படமும் அனுப்புதல் அவசியம்.

காயலான் கடையில் பழைய இஞ்சினையே முழுதாக எடைக்கு வாங்கி, அதன் உறுப்புகளைப் பயன்படுத்துவது பல சமயங்களில் மலிவு. ஆனால் பிளைவீல் விஷயத்தில் மலிவு பார்க்கலாகாது. 6/1 இஞ்சின் நிமிஷத்துக்கு 650 சுற்றும், 8/1 இஞ்சின் 850 சுற்றும் ஓடுவன. முன்னதற்கென வார்த்த ஆரக்கால் பிளைவீலைப் பின்னதில் ஏற்றி ஓட்டுவது உயிருக்கே ஆபத்தாகும். வாங்குமுன் சாவித்துளையைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளைப் பூசிப் பார்க்க. விரிசல் இருப்பின் எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். அத்தகைய சக்கரத்தை ஒட்டவைத்துத் தருவோம் என்பாரை நம்பவேண்டா.

கிராம அலுவலர்கள் தத்தம் கிராமத்தில் ஓடாமற் கிடக்கும் இஞ்சின்களின் மாதிரியையும் உடையவர் பெயரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பரேல், ஒருவரிடம் வீணாய்க் கிடக்கும் உறுப்பு மற்றொருவரின் பயிரைக் காக்கும். உடைந்த உறுப்பையோ, புதியது பொருந்தி இஞ்சின் ஓடும் வரையில் எடைக்குப் போட்டுவிடலாகாது. அதுவே கடைக்காரருக்குக் காட்டத்தக்க சரியான மாதிரி.

உறுப்புகளைப் பூட்டியபின் முதலில் பம்பின் பாரமின்றி அரைமணி நேரம் ஓட்டி, ஆறியதும் தலைப்பாகத்து நட்டுகளை எதிரெதிராக மறுபடியும் இறுக்குக. முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பின் பழைய மசகு எண்ணெயை வடித்துவிட்டுப் புதியது ஊற்றுக.