எண்ணெய் மானியமும் தூய்மையான வளர்ச்சியும்

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

நாடு வளர வேண்டும். ஆனால் அந்த வளர்ச்சி நாம் சுவாசிக்கும் காற்றைக் கெடுக்கக் கூடாது. இதையே தூய்மையான வளர்ச்சி என்கிறோம். எண்ணெய்க்கு அரசு தரும் மானியம் இதற்குத் துணை செய்யுமா? நம் நாட்டின் அனுபவத்தைக் கொண்டே விடை காண்போம்.

மானியம் என்றால் என்ன?

ஒரு பொருளின் அடக்க விலையில் ஒரு பகுதியை அரசே ஏற்றுக்கொண்டு, அதை மக்களுக்கு மலிவாகக் கிடைக்கச் செய்வது மானியம். ஏழை வீட்டில் விளக்கும் அடுப்பும் எரிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் ரேஷன் கடைகளில் மண்ணெண்ணெய் குறைந்த விலைக்கு வழங்கப்பட்டது.

மலிவின் மறுபக்கம்

மண்ணெண்ணெய் மலிவு, டீசல் விலை அதிகம் என்றதும் கலப்படக்காரர்கள் கிளம்பினர். ரேஷன் எண்ணெயை அடையாளம் காண நீலச் சாயம் கலந்தும் பயனில்லை. ஏழைக்குரிய எண்ணெய் லாரிகளில் எரிந்தது. 2011 ஜனவரி 25 அன்று மகாராஷ்டிரத்தின் மன்மாடு அருகே, எண்ணெய்க் கலப்படத்தைத் தடுக்கச் சென்ற கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனவணே உயிரோடு எரித்துக் கொல்லப்பட்டார்.

டீசலின் கதையும் சிந்திக்கத் தக்கது. அதன் விலையை அரசு குறைத்து வைத்தபோது, பேருந்துப் பயணிக்குக் கிடைத்ததைவிடச் சொகுசுக் கார் வைத்திருப்பவருக்கே அதிகம் கிடைத்தது. யார் அதிகம் எரிக்கிறாரோ அவருக்கே அதிக மானியம்! ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது.

இதற்குப் பணம் ஏது? 2005 முதல் 2010 வரை அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேலான கடன் பத்திரங்களை வழங்கியது. பெற்றோர் காலத்தில் எரிந்த எண்ணெய்க்குப் பிள்ளைகள் காலத்திலும் வட்டி கட்ட நேர்ந்தது.

அப்படியானால் மானியமே வேண்டாமா?

அவ்வாறு கூறுவதும் தவறு. டீசல் விலை ஏறினால் காய்கறி விலையும் ஏறும். அதனால்தான் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை இறங்கிய வேளை பார்த்து, 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

விறகுப் புகையில் கண் கலங்கச் சமைக்கும் தாய்மாரையும் நினைக்க வேண்டும். 2016 மே 1 அன்று உத்தரப்பிரதேசத்தின் பலியா நகரில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில், 2019 செப்டம்பருக்குள் 8 கோடி ஏழைக் குடும்பங்கள் எரிவாயு இணைப்புப் பெற்றன. எனினும், அடுத்த சிலிண்டர் வாங்கப் பணமில்லாத வீடுகளில் மீண்டும் விறகே எரிந்தது. எனவே 2022 மே மாதம் சிலிண்டருக்கு 200 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. 2023 அக்டோபரில் அது 300 ரூபாயானது. இந்தப் பணம் அவரவர் வங்கிக் கணக்கிற்கே செல்வதால், உரியவரைச் சென்றடைகிறது.

முடிவுரை

எரிவாயுவும் மண்ணுக்கடியிலிருந்து வருவதே. அது ஏறிச் செல்லும் படி. தங்கும் வீடு அன்று. எண்ணெயின் விலையைக் குறைக்கும் மானியம் புகையையும் கடனையும் வளர்க்கும். ஏழையின் கையில் நேரே சேரும் மானியமோ அவர் புகையிலிருந்து விடுபட உதவும். மிச்சமாகும் பணம் ரயிலுக்கும், பேருந்துக்கும், சூரிய ஒளி மின்சாரத்துக்கும் போகட்டும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். தோழியரே! அளந்து போட்டால் மட்டும் போதாது. யார் கையில் போடுகிறோம் என்றும் பார்த்துப் போட வேண்டும்.