பசுத்தோல் போர்த்திய மருந்து

அம்பத்தூர்ப் பகுதி மாணவர்களுக்கு மேல்நிலை வேதியியலில் உயிரியல் மூலக்கூறுகள் பாடம் நடத்தினேன். “எல்-அலனின், டி-அலனின் என்று பிரித்துப் படிப்பதால் என்ன பயன் சார்?” என்றாள் ஒரு மாணவி. விடையாக அலாபாஸ்பாலின் என்ற பாஸ்பரஸ் பெப்டைடைப் பாடமாக்கினேன்.

நம் புரதங்களில் உள்ளது எல்-அலனின். பாக்டீரியாவின் செல்சுவருக்கோ அதன் ஆடிப்பிம்பமான டி-அலனினும் வேண்டும். அலனின் ரெசிமேஸ் என்ற நொதி எல் வடிவத்தை டி வடிவமாக்குகிறது. அலனினின் கார்பாக்சில் தொகுதிக்குப் பதிலாகப் பாஸ்போனிக் அமிலத் தொகுதியை வைத்தால் ‘போலி அலனின்’ கிடைக்கும். அது இந்நொதியை முடக்கும். ஆனால் தனியாகச் செல்லுக்குள் எளிதில் நுழையாது.

ரோச் நிறுவன ஆய்வாளர்கள் இதற்குக் கண்ட வழி 1978இல் நேச்சர் இதழில் வெளியானது. எல்-அலனினின் அமினோ தொகுதியைப் பாதுகாப்புத் தொகுதியால் மூடி, போலியுடன் பெப்டைடு பிணைப்பால் இணைத்து, பின்னர் மூடியை நீக்கினர். பாக்டீரியா இந்த இரட்டையை உணவுப் பெப்டைடாக உள்ளே இழுக்கிறது. அங்குள்ள நொதிகள் பிணைப்பை உடைத்ததும் போலி வெளிப்படுகிறது. செல்சுவர் கட்டும் பணி தடைபடுகிறது. பசுத்தோல் போர்த்திய புலிதான்!

வகுப்பில் இதை நடித்துக் காட்டினோம். வாயிற்காவலராக நின்ற மாணவர், தனியாக வந்த ‘போலி’யைத் தடுத்தார், ‘அலனின்’ கைகோத்து அழைத்து வந்தபோது விட்டுவிட்டார். அடுத்து, சாதாரணப் பெப்டைடுகளாகப் பத்துப் பேரை வாயிலில் நெருக்கியடிக்கச் செய்தேன். போலிக்கு இடம் கிடைக்கவில்லை. பெப்டோன் கலந்த வளர்ஊடகத்தில் சோதித்தால் இம்மருந்தின் திறன் குறைந்து தெரிவது இதனால்தான். சோதனைச் சூழல் முடிவை மாற்றும் என்பதற்கு இது நல்ல சான்று. பள்ளியில் பாக்டீரியாவை வளர்க்க வேண்டாம், நடிப்பே போதும்.

“அந்த வாயிலே இல்லாத பாக்டீரியா இருந்தால்?” என்றான் ஒருவன். அது தப்பிக்கும், பெருகும். மருந்தெதிர்ப்பு என்பது இதுவே. 2010இல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு, என்.டி.எம்-1 நொதியால் வலிய மருந்துகளையும் எதிர்க்கும் 44 பாக்டீரிய மாதிரிகளைச் சென்னையில் கண்டது.

வகுப்பு சற்று அமைதியானது. “காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரையை எடுத்து வைப்போம் சார், அடுத்தவருக்கு ஆகும் என்று” என்றான் அதே மாணவன். மருத்துவர் சொல்லாமல் வாங்கவோ, நிறுத்தவோ, பகிரவோ கூடாது என்று அன்று நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காவலராக நின்றவரே சொல்லிவிட்டார்.