வேட்டும் வழக்கும்

அருப்புக்கோட்டையினின்று திருச்சுழி நோக்கிச் செல்லுங்கால் இருமருங்கும் வானம் பார்த்த நிலமே காணப்படும். குண்டாறு ஆண்டிற் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். மழையை நம்பி மக்காச்சோளமும் கடலையும் விதைத்த உழவன், அவை முற்றுங் காலத்தே காட்டுப்பன்றிகளுக்கு அஞ்சி இரவெல்லாம் விழித்திருக்கின்றான். சீமைக்கருவேற் புதரினின்று அவை கூட்டமாய் இறங்குங்கால், அவன் கை ஒரு நாட்டுத் துப்பாக்கியை நாடுமாயின் அது வியப்பன்று. ஆயினும், அவ்வேட்டினைச் சட்டம் எவ்வாறு நோக்கும் என்பதை அவன் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அதனை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

துப்பாக்கி என்பது துருக்கி மொழியினின்று வந்த சொல் என்பர். பாளையக்காரர் போர் முடிந்தபின், 1801-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை தென்னாட்டார் ஆயுதம் தாங்குவதைத் தடுத்தது. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியரிடம் உரிமம் கேட்டு, ஐரோப்பியரை விலக்கியது. அவ்வேற்றுமை இன்று இல்லை. 1959-இல் இயற்றப்பெற்று 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டம் யாவர்க்கும் பொதுவானது.

ஒரு வேட்டுக் கேட்டதெனின், வழக்கு மூன்று வினாக்களைத் தழுவி நிற்கும். உரிமம் உண்டோ என்பது முதல் வினா. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதே, சுடாவிடினும், குற்றமாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதற்கு 2 ஆண்டிற்குக் குறையாது 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. உரிமம் உடையோனும் அதன் நிபந்தனையை மீறின், 6 மாதம் வரை சிறையேனும் அபராதமேனும் பெறுவான்.

எவ்வாறு சுட்டான் என்பது இரண்டாம் வினா. திருமண வீட்டிலோ வழிபாட்டிடத்திலோ மகிழ்ச்சிக்காகச் சுடுதலும், கவனமின்றிச் சுடுதலும், பிறர் உயிர்க்கு இடர் விளைப்பின், 2 ஆண்டு வரை சிறைக்கோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதத்திற்கோ, இரண்டிற்குமோ உரியனவாம். எவர்மேலும் படவில்லை என்பது விடுதலைக்குப் போதிய விடையன்று. இடர் விளைத்தமையே குற்றமாகும்.

வேட்டு யாது விளைத்தது, சுட்டவன் உள்ளத்தில் யாது இருந்தது என்பது மூன்றாம் வினா. 2024 ஜூலை முதல் வழங்கும் பாரதிய நியாய சன்ஹிதை இவற்றை வேறுவேறாகப் பிரிக்கின்றது. கவனக்குறைவால் உயிர் போயின் 5 ஆண்டு வரை சிறை. கொல்லும் கருத்துடன் சுட்டுத் தவறின் கொலை முயற்சியாய் 10 ஆண்டு வரை, காயம் நேரின் ஆயுள் வரை. உத்தராகண்டத்தில் மகன் திருமணத்தின்போது ஒருவர் கூரையை நோக்கிச் சுட்டார். ரவைகள் சிதறி இருவர் மாண்டனர். 2020-இல் உச்ச நீதிமன்றம் அதனைக் கொலை எனக் கொள்ளாது, கொலையாகாத மரணம் விளைத்த குற்றமெனக் கொண்டு 10 ஆண்டுச் சிறை விதித்தது. கருத்து இல்லை என்பது தண்டனையைக் குறைக்கும், மாண்டவரை மீட்காது.

இனி நம் உழவனுக்கு வழி யாது? பயிர்க்காவலின் பொருட்டு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் கோரச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இடந்தருகின்றது. எனினும் அவ்வுரிமம் பன்றியைக் கொல்லும் உரிமையன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியே நிற்கின்றது. 2025-இல் தமிழக அரசு, காப்புக்காட்டிற்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுட வகைசெய்தபோதும், சுடும் பொறுப்பை வனத்துறையினர்க்கே அளித்தது. இருளிற் புதர் அசைவதைக் கண்டு சுடுவோன், அங்கே நிற்பது பன்றியோ அயல்வயற் காவலனோ என அறியான். இத்தடையின் நியாயம் அதுவே.

சிற்றூர்களினின்று வந்த மாணாக்கர் நம்முள் பலர். விடுமுறையில் ஊர் சேருங்கால், பயிரிழந்தார்க்கு வனத்துறை இழப்பீடு கோரும் மனுவை எழுதித் தருவோமாக. இரவுக் காவலில் இருப்போர்க்கு மேற்கூறிய மூன்று வினாக்களையும் எளிய சொல்லில் எடுத்துரைப்போமாக. ஒரு பருவத்து விளைவு போயின் மறுபருவம் உண்டு. ஒரு வேட்டினால் ஓர் உயிரும் ஒரு குடும்பத்தின் நெடுங்காலமும் ஒருங்கே அழிதல் கூடும்.