வயல் நத்தை: சட்டிக்குப் போகும் முன்

வயல் நத்தை பொறுக்கிச் சமைப்பது நமக்குப் புதிதல்ல. பழந்தமிழில் இதற்கு நந்து என்று பெயர். வங்கிப் பணியில் நான் டெல்டாப் பக்கம் இருந்தபோது சந்தையில் கூடை வைத்து விற்பார்கள். வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன், நல்ல ருசி. இப்போது கொல்லிமலை வளப்பூர் நாட்டில் காபி, மிளகு, கொஞ்சம் நெல் என்று காலம் போகிறது. போன மழையில் வேலைக்கு வரும் தம்பி ஒருவர் வாளி நிறைய நத்தையோடு வந்தார். "சார், அரை வேக்காட்டுல சாப்பிட்டா மூலத்துக்கு நல்லதாமே, புள்ளைங்களுக்கும் குடுக்கலாமா?"

வாளியில் இருந்தது வயல் நத்தையே இல்லை. ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847-இல் பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் விட்டது, இன்று நாடெங்கும் வாழை, பப்பாளி, காய்கறியைத் தின்கிறது. அடையாளம் சுலபம். வயல் நத்தை தண்ணீரிலும் சேற்றிலும் இருக்கும், ஓடு உருண்டை, வாயில் கெட்டியான மூடி உண்டு. தொட்டால் படக்கென்று மூடிக்கொள்ளும். ராட்சத நத்தை தரையில் ஊரும், ஓடு கூம்பாக நீண்டு பழுப்புக் கோடுகளோடு இருக்கும், மூடி கிடையாது. மேற்கு ஆப்பிரிக்காவில் இதையும் நன்றாக வேகவைத்து உண்கிறார்கள். ஆனால் நம் தோட்டத்தில் எலிப்புழுக்கை, குப்பை எல்லாவற்றையும் மேய்வதை உண்ண வேண்டாம் என்பேன். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள்.

எலிப்புழுக்கையை ஏன் சொல்கிறேன் என்றால், எலியின் நுரையீரல் இரத்தக்குழாயில் வாழும் ஒரு புழு இருக்கிறது. அதன் குஞ்சுகள் புழுக்கையில் வெளியேறி நத்தைக்குள் வளரும். அந்த நத்தையைப் பச்சையாகவோ அரை வேக்காட்டிலோ தின்றால் புழு மனித மூளைக்குப் போய், மூளையுறை அழற்சி வரும். 2006-இல் பெய்ஜிங்கில் ஓர் உணவகத்தில் சரியாக வேகாத நத்தை சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இப்படிப் படுத்தார்கள். அவர்கள் தின்றது நம் வயல் நத்தையின் உறவுக்கார நன்னீர் நத்தைதான். ஆகவே வயல் நத்தை என்றாலும் இதில் சலுகை இல்லை. உப்பு, மஞ்சள், எலுமிச்சை எதுவும் இந்தப் புழுவைக் கொல்லாது. கொதிதான் கொல்லும்.

இனி சமையல். உயிரோடு இருப்பதை மட்டும் எடுங்கள். தொட்டும் மூடாதது, நாறுவது எல்லாம் குப்பைக்கு. நல்ல தண்ணீரில் இரண்டு நாள் போட்டு, காலை மாலை தண்ணீர் மாற்றினால் சேறு கக்கிவிடும். பாத்திரத்துக்கு மூடி போட்டு மேலே கல் வையுங்கள், இல்லாவிட்டால் விடிந்தால் அடுக்களை முழுக்க நத்தைதான். பிறகு தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் போட்டு, மறுபடி கொதி வந்த பின் பத்து நிமிடம் விடுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஊசியால் சதையை இழுத்து, பின்னால் சுருண்டிருக்கும் கறுப்புக் குடலை அறுத்தெறியுங்கள். கல்லுப்பும் அரிசி கழுவிய தண்ணீரும் போட்டு வழவழப்புப் போகும்வரை தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் குக்கரில் நாலைந்து விசில். சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, நம்ம மலை மிளகு தூக்கலாகப் போட்டுப் பிரட்டினால் போதும். பச்சை நத்தை பட்ட பலகை, கத்தி, கை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் வெங்காயம் நறுக்க வேண்டும். வீட்டில் பெண்கள் இதைச் சொல்லாமலே செய்வார்கள். ஆண்கள் சமைக்கும் அன்றுதான் கவனம்.

கொதி தீர்க்காத சங்கதி ஒன்று உண்டு. பூச்சிமருந்து அடித்த வயல், சாக்கடை கலக்கும் குளம், நத்தை மருந்து போட்ட தோட்டம், இங்கெல்லாம் எடுக்காதீர்கள். இயற்கைத் தோட்டம் என்றும் அசட்டையாக இருக்க முடியாது. காபி இலைத்துரு நோய்க்கு நாம் அடிக்கும் போர்டோ கலவையில் மயில்துத்தம் இருக்கிறது. அந்தச் செம்பு நத்தை உடம்பில் சேரும், வேகவைத்தாலும் போகாது. கலவை அடித்த சரிவுக்குக் கீழே தண்ணீர் இறங்கும் வயலில் நான் பொறுக்குவதில்லை.

இறால், நண்டு ஒவ்வாதவர்களும் தூசியால் இழுப்பு வருபவர்களும் நத்தையைத் தொட வேண்டாம். மூலம் என்று இரத்தம் போனால் மருத்துவரிடம் போங்கள். நத்தையை நம்பி நாள் கடத்தாதீர்கள். சாப்பிட்டுச் சில நாளிலோ சில வாரத்திலோ கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, தோலில் குத்தல் எரிச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், நத்தை சாப்பிட்டதை வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டாக்டர் அதைத் தானாக ஊகிக்க மாட்டார்.