யூடியூப் காணொளிகளுக்கு விவரக் குறிப்பு எழுதும் முறை

மதுரை கே.கே. நகரில் சென்ற மாதம் நடைபெற்ற ஒரு சிறு வகுப்பில், நெசவாளர், சாயத் தொழிலாளர், மலர் பயிரிடுவோர் ஆகியோருடைய சங்கங்களிலிருந்து வந்திருந்த அங்கத்தினர்கள் சுமார் இருபது பேருடன் ஒரு பிற்பகல் முழுவதும் அமர்ந்திருந்தோம். கணக்குப் புத்தகங்களையும் இருப்புப் பதிவேட்டையும் பற்றியே வகுப்பு நடத்திப் பழகிய நமக்கு அன்றைய பாடம் சற்றுப் புதிது. சங்கம் யூடியூபில் வெளியிடும் காணொளியின் கீழே விவரக் குறிப்பை எவ்வாறு எழுதுவது, அந்த வேலையில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எவ்வளவு தூரம் நம்புவது என்பதே பாடம். வகுப்புக்கு வர இயலாத அங்கத்தினர்களின் பொருட்டு அதனை இங்கு எழுதுகிறோம்.

தொடக்கத்திலேயே ஒரு முதிய நெசவாளர் எழுந்து, “படம் நன்றாயிருந்தால் போதாதா ஐயா? கீழே எழுதுவதை யார் படிக்கப் போகிறார்கள்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. குறிப்பு ஒன்றினாலேயே பார்வையாளர் கூட்டம் பெருகிவிடும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. தலைப்பும் முகப்புப் படமுமே மக்களை முதலில் இழுப்பவை. ஆயினும் “மதுரை சுங்குடிச் சேலை” என்று ஒருவர் தேடும்போது நம் படம் அவர் கண்ணில் படுவதற்குத் தலைப்பிலும் குறிப்பிலும் உள்ள சொற்கள் துணை செய்கின்றன. அதனினும் பெரிய காரியம் ஒன்று உண்டு. படத்தைப் பார்த்து ஆசை கொண்டவர் அடுத்துத் தேடுவது விலை, அளவு, முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைத்தான். அவை கிட்டாவிடில் அவர் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்து அன்பர்கள் 2018-இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டியது. தமிழ்ச் சேனல்களில் அந்த எண்ணிக்கையை முதலில் அடைந்தது அதுவே. கிராமத்திலிருந்து புறப்பட்ட படம் உலகம் முழுவதும் சென்று சேரக்கூடும் என்பதற்கு இது போதிய சான்று. ஆனால் அங்கே சமைப்பதைக் கண்ணாரக் கண்டு மகிழ்ந்தாலே பார்ப்பவருக்குத் திருப்தி. நம் நிலை வேறு. சேலையை வாங்குகிறவர் கடையில் செய்வதுபோல் துணியை விரலால் தேய்த்துப் பார்க்கவும், முந்தியை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும் இயலாது. கைக்குத் தெரியவேண்டியவற்றையெல்லாம் எழுத்து சொல்ல வேண்டியிருக்கிறது. கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் சில பட்டுச் சேலைகளுடன் நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையைச் சேர்த்து விற்றதை அங்கத்தினர்கள் அறிவர். விவரக் குறிப்பும் அத்தகைய அட்டையே.

யூடியூபின் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தலைப்பு 100 எழுத்துக்கும், குறிப்பு 5,000 எழுத்துக்கும் மிகாமல் இருக்கவேண்டும். தமிழில் கொம்பு, கால் முதலிய குறிகளும் தனித்தனியே எண்ணிக்கையில் சேர்வதால் நாம் நினைப்பதற்கு முன்பே எல்லை வந்துவிடும். குறிப்பின் முதல் இரண்டொரு வரிகளே கண்ணுக்குத் தெரியும். எஞ்சியதைத் தொட்டுத் திறந்தால்தான் படிக்கலாம். ஆகையால் “வணக்கம், எங்கள் சங்கத்திற்கு அன்புடன் வரவேற்கிறோம்” என்று முதல் வரியைச் செலவிடுவது, கடை வாசலில் நிலைக்கதவைச் சாத்திவிட்டு உள்ளே மாலையுடன் நிற்பது போலாகும். நீண்ட படமாயின் எந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்று நேரம் குறிக்கலாம். முதற் குறி 0:00 என்று தொடங்கவேண்டும். குறைந்தது மூன்று குறிகள் வரிசையாக வேண்டும். ஒவ்வொரு பகுதியும் பத்து விநாடிக்குக் குறையலாகாது. ஹேஷ்டேக் எனப்படும் அடையாளச் சொற்கள் இரண்டோ மூன்றோ போதும். அறுபதுக்கு மேற்பட்டால் யூடியூப் அனைத்தையும் தள்ளிவிடும்.

இனிக் கருவிகளுக்கு வருவோம். சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30-ஆம் தேதி வெளிவந்தது. கூகுளின் ஜெமினி முதலிய பிறவும் பின்தொடர்ந்தன. இவற்றில் தமிழிலேயே கேட்கலாம்; தமிழிலேயே விடை வரும். எண்ணிறந்த எழுத்துக்களைப் படித்துப் பழகி, ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வருவது இயல்பு என்று கணித்துக் கோத்துக்கொண்டே போவது அவற்றின் வேலை முறை. ஆதலால் நடை சரளமாயிருக்கும். எழுத்துப் பிழை குறைவு. அரை நிமிடத்தில் ஒரு பக்கம் கிடைக்கும். எழுதத் தயங்கும் காரியதரிசிகளுக்கு இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் சேலைகளைப் பற்றி உலகம் வழக்கமாக எப்படி எழுதுமோ அப்படி அது எழுதும். நம் சேலையை அது அறியாது. நாம் சொல்லாமல் விட்ட இடங்களை வழக்கமான சொற்களால் ஊகித்து நிரப்பிவிடும். அவ்வாறு நிரப்பியதை நம்மிடம் சொல்லவும் சொல்லாது.

இதை வகுப்பிலேயே சோதித்துப் பார்த்தோம். சாயத் தொழிலாளர் சங்கம் ஒன்று எடுத்திருந்த படம் அது. விசைத்தறியில் நெய்த பருத்தித் துணியை வாங்கி, மெழுகு அச்சு வைத்து, சாயம் தோய்த்து, பின்பு மெழுகைக் கொதிநீரில் நீக்கிப் புள்ளிச் சேலையாக்குகிறார்கள். நேர்மையான தொழில், மலிவான, அழகான சரக்கு. “சுங்குடிச் சேலை காணொளிக்கு நல்ல விவரக் குறிப்பு எழுது” என்று மட்டும் கருவியிடம் கேட்டோம். வந்த விடையைச் சத்தமாகப் படித்தபோது எல்லோருக்கும் மகிழ்ச்சி. கைத்தறியில் நெய்தது, ஒவ்வொரு புள்ளியும் கையால் முடிச்சிட்டது, இயற்கைச் சாயம், தலைமுறை தலைமுறையாக வந்த கலை என்று மழையாகப் பொழிந்திருந்தது. இரண்டாம் முறை பென்சிலுடன் படித்தோம். கைத்தறி பொய். முடிச்சு பொய். இயற்கைச் சாயம் பொய். எஞ்சியது கலையின் பழமை. அதுவும் அந்தச் சேலையைப் பற்றியதன்று.

இதில் என்ன பெரிய குற்றம், எல்லோரும் இப்படித்தானே எழுதுகிறார்கள் என்று சிலர் கருதக்கூடும். சென்ற ஆண்டு வேறோர் ஊரில் நாம் கண்டதைச் சொல்கிறோம். சங்கத்தின் பெயர் வேண்டாம். இதே போன்ற குறிப்புடன் வெளியான படத்தைப் பார்த்து, ஒரு பள்ளியின் ஆசிரியைகள் விழாவுக்கென்று ஒரே நிறத்தில் பன்னிரண்டு சேலைகள் வரவழைத்தார்கள். அவர்களுள் ஒருவருக்கு முடிச்சுச் சுங்குடியைத் தெரியும். முடிச்சிட்ட புள்ளி ஒன்றுபோல் ஒன்று இராது; முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி சற்றே சுருங்கி நிற்கும். வந்த சேலைகளிலோ புள்ளிகள் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி இருந்தன. பன்னிரண்டும் திரும்பி வந்தன. பணத்தைத் திருப்பியதோடு போக வர அனுப்பும் செலவும் சங்கத்தின் தலையில் விழுந்தது. படத்தின் கீழே அந்த அம்மையார் எழுதிய இரண்டு வரிகளோ இன்னும் பலர் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கின்றன. குறிப்பை எழுதியது யார் என்று விசாரித்தபோது, “கருவிதான் எழுதியது ஐயா” என்றார் காரியதரிசி. அந்த விடையை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று நமக்குத் தெரியவில்லை.

சட்டமும் இவ்விஷயத்தில் கருவியை அறியாது, சங்கத்தையே அறியும். மதுரை சுங்குடி 2005-இலும், மதுரை மல்லி 2013-இலும் புவிசார் குறியீடு பெற்றவை. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, இப்பெயர்களைப் பொய்யாகச் சரக்கின்மீது ஏற்றுவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக நம் சங்கம் பதிவு பெற்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டே குறியீட்டைக் குறிப்பில் சொல்லவேண்டும். 2006-இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரையும் அவ்வாறே, பதிவு பெற்றவர்க்கே உரியது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்தைத் தனியே கவனிக்கிறது. யூடியூபும் படத்துக்குப் பொருந்தாத தலைப்பையும் குறிப்பையும் தன் விதிகளில் தடுத்திருக்கிறது.

அப்படியாயின் கருவியை விலக்கிவிடலாமா? வேண்டியதில்லை. முதலில் நாம் ஒரு தாள் எழுதவேண்டும். பிறகே கருவியிடம் போகவேண்டும். அதற்குச் சரக்குத் தாள் என்று வகுப்பில் பெயரிட்டோம். துணி எந்தத் தறியில் நெய்தது, நூல் எத்தனையாம் நம்பர், சாயம் எவ்வகை, புள்ளி முடிச்சா அச்சா, நீளம் எவ்வளவு, ரவிக்கைத் துணி சேர்ந்ததா, எப்படித் துவைக்க வேண்டும், விலை, சங்கத்தின் முழுப்பெயர், எண். இதைத் தறிக்காரரும் சாயக்காரரும் பக்கத்தில் இருக்கும்போதே எழுதவேண்டும். அலுவலகத்தில் தனியே அமர்ந்து எழுதினால் நாமும் ஊகிக்கத் தொடங்கிவிடுவோம்.

பின்னர்க் கருவிக்கு இடும் கட்டளை இவ்வாறு அமையலாம்: “கீழே தரும் விவரங்களைக் கொண்டு யூடியூப் காணொளிக்குத் தமிழில் விவரக் குறிப்பு எழுது. இதில் இல்லாத எதையும் சேர்க்காதே. விவரம் போதாவிட்டால் என்னைக் கேள். முதல் இரண்டு வரிகளில் சரக்கின் பெயரும் செய்முறையும் விலையும் வரட்டும். புகழ்ச்சி வேண்டாம்.” அதே சாயச் சங்கத்தின் தாளைக் கொடுத்து இப்படிக் கேட்டபோது கருவி முதலில் நம்மையே கேட்டது: சாயம் துவைத்தால் போகுமா? அது நல்ல கேள்வி. அங்கத்தினர்கள் தமக்குள் கலந்து பேசி, முதல் இரண்டு துவைப்பில் சற்றுப் போகும் என்று ஒப்புக்கொண்டார்கள். ஈற்றில் வந்த குறிப்பின் தொடக்கம் இது:

“மெழுகு அச்சில் புள்ளியிட்டுச் சாயம் தோய்த்த பருத்திச் சேலை, விசைத்தறித் துணி, நீளம் ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி தனி. மெழுகு வைப்பது முதல் கொதிநீரில் நீக்குவது வரை எங்கள் அங்கத்தினர் செய்வதை இப்படத்தில் காணலாம். முதல் இரண்டு முறை தனியே துவைக்கவும். சாயம் சற்றுப் போகும்.”

இதற்கு மேல் விலையும் எண்ணும் நேரக் குறிகளும் சேர்ந்தன. சாயம் போகும் என்று நாமே எழுதுவதா என்று ஓர் அங்கத்தினர் மிகவும் தயங்கினார். மற்றவர்கள் எழுதத்தான் வேண்டும் என்றார்கள்.

மொழிபெயர்ப்பில் இன்னும் கவனம் தேவை. வெளிநாட்டுத் தமிழருக்கும் பிறருக்கும் ஆங்கிலக் குறிப்பும் வேண்டும் என்று கருவியிடம் கேட்கிறோம். நம் தொழிற் சொற்கள் பல இரட்டைப் பொருள் உடையவை. நூல் படிக்கும் புத்தகமாகிவிடக்கூடும், கரை ஆற்றங்கரையாகலாம், முந்தி என்பது முன்னொரு காலமாகலாம். ஆங்கிலம் அறிந்த ஒருவர், முடிந்தால் அங்கத்தினர் வீட்டுக் கல்லூரி மாணவரே, தமிழையும் ஆங்கிலத்தையும் அருகருகே வைத்து வரி வரியாகப் பார்க்கவேண்டும். பெயரை ஆங்கில எழுத்தில் ஒருவர் சுங்குடி என்றும் ஒருவர் சுங்கடி என்றும் ஒலிக்கும்படி எழுதித் தேடுவார்கள். இரண்டையும் குறிப்பில் ஒருமுறை சேர்ப்பது தவறன்று. பத்து முறை சேர்ப்பது படிப்பவரைத் துரத்தும்.

மலர் பயிரிடுவோருக்கு ஒரு தனி எச்சரிக்கை. அன்று ஒருவர் “மல்லி அறுவடைப் படம்” என்று கருவிக்குச் சொல்ல, அது கொத்தமல்லி விதையின் மருத்துவ குணங்களை எழுதித் தந்தது! சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. மல்லிகை என்றே முழுதாக எழுதுக. அரும்பாகவே விடியற்காலையில் பறிப்பது, மாலையில் விரிவது, மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்கு எத்தனை மணிக்குக் கொண்டுபோவது என்பனவெல்லாம் வெளியூராருக்குப் புதுமை. இவற்றைத் தாராளமாக எழுதலாம். விலையை மட்டும் எழுதவேண்டாம். மார்கழிக் குளிரில் வரத்துச் சுருங்கி ஏறும் விலை வேறு. கோடையில் பூ குவியும்போது உள்ள விலை வேறு. படமோ ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அன்றைய விலைக்கு அழைக்கவும் என்று எண்ணைக் கொடுத்தால் போதும்.

அங்கத்தினர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, கடன் விவரம் ஆகியவற்றைக் கருவியில் ஒருபோதும் இடலாகாது. எழுத்து வேலைக்குக் கருவியைப் பயன்படுத்தியதை யூடியூபில் அறிவிக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் நடவாததை நடந்ததுபோல் உண்மையெனத் தோன்றக் காட்டும் படத்தைக் கருவியால் செய்தால் அறிவித்தாக வேண்டும். அத்தகைய தறிப் படம் நமக்கு எதற்கு என்பது நம் அபிப்பிராயம். தறி நம்மிடமே இருக்கிறதே.

குறிப்பைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதையும் பலர் அறியார். ஆண்டு இறுதியில் சரக்கு இருப்பு எடுக்கும்போதே பழைய படங்களின் குறிப்புகளையும் ஒருமுறை பார்த்து, மாறிய விலை, மாறிய எண் ஆகியவற்றைத் திருத்திவிடுவது எளிது. ஒவ்வொரு குறிப்பையும் வெளியிடுமுன் நிர்வாகக் குழுவில் ஒருவரும், அந்தச் சரக்கைச் செய்த அங்கத்தினர் ஒருவரும் படித்துக் கையெழுத்திட்ட சரக்குத் தாளைக் கோப்பில் வைக்கும்படி வகுப்புக்கு வந்த சங்கங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அடுத்த வகுப்புக்கு வருவோர் தத்தம் சங்கத்துச் சரக்கு ஒன்றின் தாளை எழுதியே கொண்டுவரவேண்டும். கைப்பேசி இல்லாதவர்களும் வரலாம். தாள் எழுத அவர்களே அதிகம் தேவைப்படுகிறார்கள்.